தம்பிக்குப் பைத்தியம், எனக்குப் பசி மயக்கம்

நான் குடியிருக்கிற கட்டடத்தில் என்னைத் தவிர யாரும் படிக்கட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. சார்ஜாவில் படிக்கட்டை ஏதோ வெட்கப்பட வேண்டிய பொருள் மாதிரி ஒரு கனத்த இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். லிஃப்ட் மூன்று இருக்கிறது. சுற்றிலும் கண்ணாடி, உள்ளே குளிர், கதவு மூடப்போகிறது என்று ஒரு பெண்குரல் முதலில் அரபியிலும் பிறகு இங்கிலீஷிலும் சொல்லும். அதையெல்லாம் விட்டுவிட்டு, அறுபத்து மூன்று வயதில், தினமும் ஒன்பது மாடியை நான் காலால் ஏறுகிறேன். வாசல் காவலாளியை இங்கே நாத்தூர் என்பார்கள். எங்கள் நாத்தூர் பெஷாவர் பக்கத்துப் பட்டாணி. நான் படிக்கட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் புஜத்தை மடக்கிக் காட்டி, "பாபாஜி, பஹுத் மஸ்பூத்" என்பான், ரொம்ப உறுதி என்று. உடற்பயிற்சி என்று நினைத்திருக்கிறான். நானும் புஜத்தை மடக்கிக் காட்டிவிட்டு ஏறுவேன். இரண்டாவது மாடி திரும்பியதும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவேன். லிஃப்ட் கதவு மூடினால் நான் செத்துப்போவேன் என்று என் உடம்பு நம்புகிறது. இதை அந்தப் பட்டாணிக்கு எந்தப் பாஷையில் சொல்லி விளங்கவைப்பது?

என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இருபத்து நான்கு வயதில் இங்கே வந்து இறங்கினவன் நான். உயரக் கட்டடங்களின் கண்ணாடியை வெளியே தொங்கிக்கொண்டு துடைக்கிற வேலை. மொட்டைமாடியிலிருந்து இரண்டு இரும்புக் கயிற்றில் ஒரு தட்டு தொங்கும். நம் ஆட்கள் அதைத் தொட்டில் என்போம். முப்பதாவது மாடிக்கு நேரே காற்று அடித்தால் தொட்டில் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வரும். மற்றவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிடுவார்கள். நான் அந்தத் தொட்டிலில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். இது பெருமைக்குச் சொல்வதல்ல, பெருமையாகவும் இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். இன்று அதே வேலைக்கு என்னிடம் அறுபது பேர் இருக்கிறார்கள். இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எழுதத் தெரியாமல் ஒரு கம்பெனியை நடத்துகிறேன். எனக்கு முன்னால் கைகட்டி நின்ற பட்டதாரிகள் எத்தனையோ பேர்.

அப்படிப்பட்டவனுக்கு அது இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆபீஸ் லிஃப்டில் வந்தது. காலை பதினொரு மணி. கூட ஏழெட்டுப் பேர், எல்லோரும் அவரவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு மூடியது. என் நெஞ்சுக்குள் யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது. கை மரத்தது. கால் என்னுடையது இல்லை. வாயைத் திறந்தால் காற்று உள்ளே போகவில்லை. சரி, முடிந்தது, இந்த அந்நியர்கள் நடுவில்தான் நமக்கு விதித்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் எகிப்து நாட்டு டாக்டரம்மா நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, இருதயம் கல் மாதிரி இருக்கிறது என்றாள். அப்படியானால் வாயுதான் என்றேன். பக்கத்தில் நின்ற கொல்லத்து நர்ஸ் அதை கேஸ் என்று எடுத்துச் சொன்னாள். டாக்டரம்மா முகம் மாறி, அடுக்களையில் சிலிண்டர் எங்கே இருக்கிறது, ஜன்னல் திறந்திருந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது மயக்கம் வந்ததா என்று கேட்க ஆரம்பித்தாள். நமக்கு உடம்பில் எது வந்தாலும் முதலில் வாயு. அந்த ஒரு சொல்லில் நாம் எத்தனை வியாதியை மூடி வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகு அவள் மெதுவாக, மனசில் ஏதாவது கவலை உண்டா என்றாள். எனக்கு என்ன கவலை, மேலகரத்தில் மூன்று மாடி வீடு இருக்கிறது என்றேன்.

நர்ஸ் விடவில்லை. "சேட்டா, அப்போ எங்ஙன இருந்துன்னு சும்மா பற," என்று, அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்பதைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். "செத்துருவேன்னு இருந்தது. வலி இல்ல. எங்கனன்னு சொல்லத் தெரியல. ஆனா செத்துருவேன்." சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. இவை என் சொற்கள் இல்லை. இவை என் தம்பி கணேசன் சொன்னவை. இதே ஊரில், என்னிடம், நான் தட்டைக் கழுவச் சொன்ன அன்று.

கணேசன் எனக்கு ஒன்பது வயது இளையவன். அப்பா போன பிறகு அவனை ஆளாக்கியது நான். ஐடிஐயில் மின்சாரம் படிக்கவைத்தேன். இருபத்து மூன்று வயதில் விசா எடுத்து என் கூடவே தொட்டிலில் ஏற்றினேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவன் உயரத்துக்குப் பயந்து ஓடிவந்தவன் என்று ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். பொய். முதல் ஏழு மாதம் என்னைவிட வேகமாகத் துடைத்தான், தொட்டிலில் நின்று பாட்டுப் பாடுவான். அவனுக்கு வந்தது தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப் அறையில், தரையில், சோற்றுத் தட்டுக்கு முன்னால்.

"அண்ணே, நெஞ்சு படபடன்னு அடிக்குது. செத்துருவேன் போல இருக்கு."

"எங்கனலே வலிக்குது?"

"வலி இல்லண்ணே. எங்கனன்னு சொல்லத் தெரியல. ஆனா செத்துருவேன்."

"சாகுதவன் இவ்வளவு தெளிவாப் பேச மாட்டான். தட்டை எடுத்துக் கழுவு."

அறையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். ஓமத்தண்ணீர் கொடுத்தோம், சோடா கொடுத்தோம், வேலைக்கு மட்டம் போடுகிறான் என்று பேசிக்கொண்டோம். நான்காவது தடவை வந்தபோது கன்னத்தில் ஒன்று வைத்தேன். அறைந்தால் அடங்குகிறதா என்று பார்க்கவில்லை. ஆறு பேர் பார்க்கிறார்களே என்றுதான் அறைந்தேன். பத்தாவது மாதம் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்த வருடம் ஆனியில் நான் லீவில் போனபோது, மேலகரம் டீக்கடையில் எல்லோரும் கேட்டார்கள், தம்பி ஏன் பாதியில் வந்துவிட்டான் என்று. எனக்கு அப்போது சின்ன மேஸ்திரி வேலை கிடைத்திருந்தது. மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை என்னை நம்பி அனுப்ப இருந்தார்கள். அங்கே வேலை கடுமை, அறையில் காற்றில்லை, அண்ணனே அடிக்கிறான் என்று பேச்சுக் கிளம்பினால் என் பிழைப்பு என்ன ஆகும்? கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "தம்பிக்கு மண்டை சரியில்ல. வெயிலு மூளையில ஏறிட்டு."

எங்கள் பக்கத்தில் மூளைச் சூட்டுக்கு ஒரே வைத்தியம். சாரல் காலத்தில் எங்கெங்கோ இருந்து, கையைத் துண்டால் கட்டி, ஆட்களைக் குற்றாலத்துக்குக் கூட்டி வருவார்கள். தலை நிறைய எண்ணெய் தேய்த்து ஒரு மண்டலம் அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்பது நம்பிக்கை. ஊரே சொன்னது, நானும் செய்தேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்து, ஆளுக்கொரு கையாக அவனைப் பற்றிக்கொண்டு மெயினருவிக்குக் கீழே நிறுத்தச் சொன்னேன். குளித்தவர்களுக்குத் தெரியும், பெரிய தண்ணீர் தலையில் விழும்போது மூச்சு விட முடியாது, நாமாகத் தலையை வெளியே இழுத்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மூச்சு முட்டிச் செத்துவிடுவோம் என்பதைத் தவிர வேறு பயமே இல்லாத ஒருவனை, தலையை இழுக்க முடியாதபடி பிடித்து நிறுத்தியிருந்தோம். நான் கரையில் ஃபாரின் வாட்ச் கட்டிக்கொண்டு, "விடாதீய, நல்லாப் பிடிங்க" என்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் "அண்ணே, அண்ணே" என்றுதான் கத்தினான். பன்னிரண்டாம் நாள், பிடித்திருந்தவன் கையைக் கணேசன் கடித்துவிட்டான். சீசன் கூட்டம் மொத்தமும் பார்த்தது. அன்றிலிருந்து கணேசனுக்குப் பெயர் மெண்டல். வீரகேரளம்புதூரில் பேசி வைத்திருந்த பெண்வீட்டார் ஒரு வார்த்தை குறைசொல்லாமல், நாகரிகமாக, விலகிக்கொண்டார்கள்.

அவன் பிறகு கல்யாணம் செய்யவில்லை. தென்காசியில் ஒருவரிடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற காயில் வேலையைக் கற்றுக்கொண்டு, மேலகரத்தில் டீக்கடைக்கு எதிரே சின்னக் கடை போட்டான். மிக்ஸி, ஃபேன், கிரைண்டர். இன்றுவரை எங்கள் ஊரில், "மிக்ஸி ஓடலியா, மெண்டல்கிட்ட குடு, சரியாக்கிருவான்" என்றுதான் சொல்வார்கள். அதில் கேலிகூடக் கிடையாது. முகவரி மாதிரி ஆகிவிட்டது.

எகிப்து டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தாள். அது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை என்று நானே முடிவுகட்டி, ஒன்றுகூடத் தின்னவில்லை. பதிலாக, போன வருடம் ஆடியில் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஒரு மண்டலம் அருவியில் நிற்பதற்கு. சிரிக்க வேண்டாம். தம்பியை அந்த வைத்தியம் என்ன செய்தது என்று என் கண்ணால் பார்த்திருந்தும், எனக்கு வந்தபோது வேறொன்றும் தோன்றவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான். மெயினருவியில் மேலகரத்துக்காரர்கள் வருவார்கள் என்று ஐந்தருவிக்குப் போனேன்.

காலை ஆறரை மணி. நல்ல சாரல். எண்ணெய் தேய்க்கிறவர் என்னைப் பலகையில் உட்காரவைத்துத் தலையில் அரை பாட்டிலைக் கவிழ்த்தார். வரிசைக்காக இரும்புக் குழாய் வைத்து அடைத்திருந்தார்கள். முன்னால் ஐம்பது முதுகு, பின்னால் ஐம்பது நெஞ்சு, எல்லாம் எண்ணெய். நடுவழியில் வரிசை நின்றது. போலீஸ் விசில் கேட்டது. வெளியேற வழியில்லை என்று நான் நினைத்த அந்த நொடியில் அது வந்துவிட்டது.

நான் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூட்டம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா? ஒருவர் நெஞ்சுவலி என்றார். ஒருவர் வாயு என்றார். ஒருவர் என் உள்ளங்கையைப் பிரித்துச் சாவிக்கொத்தைத் திணித்தார். "தலையில நல்லாத் தண்ணி விழட்டும், எல்லாம் அடங்கிரும்," என்று சொல்லி இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னைத் தண்ணீருக்குக் கீழே கொண்டுபோனார்கள். நல்ல மனிதர்கள். உதவிதான் செய்தார்கள். தலையில் அருவி விழுந்தது. காற்று இல்லை. கை இரண்டும் என்னிடம் இல்லை. அப்போது நான் என்ன கத்தினேன் என்று பிறகு எண்ணெய்க்காரர் சொன்னார். "கணேசா, கணேசா" என்று கத்தினேனாம்.

கரையில் உட்காரவைத்து என் போனை எடுத்து, யாருக்குப் போட வேண்டும் என்று அவர் கேட்டார். மனைவி இருக்கிறாள், துபாயில் மகன் இருக்கிறான். வாயில் திரும்பவும் அந்தப் பெயர்தான் வந்தது.

கணேசன் டிவிஎஸ் வண்டியில் நனைந்துகொண்டே வந்தான். என்னைத் தொடவில்லை. சுற்றி நின்றவர்களை, "காத்து விடுங்க, தள்ளி நில்லுங்க," என்று விலக்கிவிட்டு, எனக்கு இரண்டடி தள்ளி ஈரத்தரையில் உட்கார்ந்தான்.

"ஒண்ணும் செய்யாது. வந்த மாதிரியே பத்து நிமிசத்துல போயிரும். நான் காயில் சுத்துததை எண்ணுதேன். நீயும் எண்ணு. எண்ணிக்கை தப்பிட்டுன்னா முதல்ல இருந்து."

விரலால் காற்றில் கம்பி சுற்றிக்கொண்டு எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பதைத் தாண்டியதும் எனக்குத் தப்பிவிட்டது. அவனும் முகம் சுளிக்காமல் ஒன்றிலிருந்து தொடங்கினான். ஐந்தாவது தடவை தொண்ணூறு வரை போனேன். காற்று உள்ளே வந்தது. முப்பது வருடமாக அவன் அந்தக் கடையில் ஃபேன் மட்டுமா சுற்றிக்கொண்டிருந்தான்?

போலீஸ்காரர் வந்து, பெரியவருக்கு என்ன என்று விசாரித்தார்.

"எங்க அண்ணன். வெளிநாட்டுல இருந்து வந்திருக்காவ. வெறும் வயித்தோட அருவிக்கு வந்துட்டாவ. பசி மயக்கம்," என்றான் கணேசன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். யாரோ வாழைப்பழம் கொடுத்தார்கள். தின்றேன்.

திரும்பும் வழியில் சாரல் கனத்ததால் ஒரு பழக்கடைத் தகரத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தினான். அங்கேதான் கேட்டேன். "ஏலே கணேசா, ஒனக்கு வந்ததும் இதுதானாலே?"

"ஆமா."

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுலே."

"தெரியாது. சரி. இப்பத் தெரியும்லா?" வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினான். "ஒரே வியாதி. ஒனக்கு வந்தா பசி மயக்கம், எனக்கு வந்தா பைத்தியம். பட்டம் குடுக்கது யாருன்னு பாத்துக்கோ. அங்கன நான் ஒன்னை விட்டுக்குடுக்கலண்ணே. அது ஞாபகம் இருக்கட்டும்."

"நான் என்ன செய்யணுங்கே?"

"காசு பணம் வேண்டாம். என் பேரைக் கெடுத்தது அந்த டீக்கடையில வச்சு. நாளைக்கு அங்கனயே வச்சுச் சொல்லு. தம்பிக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு, அது பைத்தியம் இல்ல, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு. நாலு பேரு கேட்டாப் போதும்."

சொல்கிறேன் என்றேன். முழு மனதாகத்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. கடைக்காரன் பேச்சிமுத்து, "என்ன அண்ணாச்சி, ஐந்தருவியில மயங்கிட்டியளாமே? வெறும் வயித்துல நிக்கலாமா?" என்றான். பெஞ்சில் இருந்த ஒருவர், "அண்ணாச்சிக்கு என்ன செய்யும்? முப்பது மாடியில கயித்துல தொங்குன உடம்பு. நம்ம மெண்டல் மாதிரி தொட்டிலைக் கண்டதும் ஓடியாந்த உடம்பா?" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். எதிர்க்கடையில் கணேசன் சுற்றுவதை நிறுத்தியிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் அவன் கை நின்றிருந்தது.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைவிட நல்ல இடம் இனி அமையாது. கட்டடம் கட்டடமாக வெளியே தொங்கினவன் நான், எனக்கு அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து நாலு வார்த்தை சொல்லத் துணிவில்லை. சொன்னால், அப்போதே என்னைப் பார்க்கிற கண் மாறிவிடும். முப்பத்தொன்பது வருடம் அந்நிய வெயிலில் நின்று நான் சம்பாதித்தது வீடு இல்லை, அந்தக் கண்கள்தான். வாயைத் திறந்தேன். "எனக்குச் சீனி கம்மியாப் போடுடே," என்று வந்தது.

எதிரே கணேசனின் கை மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

நான்காம் நாள் திருவனந்தபுரம் விமானத்துக்குக் கிளம்பினேன். அவன் வழியனுப்ப வரவில்லை. விமானக் கதவு மூடியபோது டாக்டரம்மாவின் மாத்திரையைத் தின்றேன். கேட்டது. அது பைத்தியத்தின் மாத்திரை இல்லை, மூச்சின் மாத்திரை. இப்போது ஒழுங்காகத் தின்கிறேன், மாதம் ஒரு தடவை போய்ப் பேசிவிட்டும் வருகிறேன். முன்பைவிடக் குறைவு, போய்விடவில்லை. இங்கே கேம்ப்களில் ஆள் வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். சோற்றுத் தட்டுக்கு முன்னால் நெஞ்சைப் பிடிக்கிறவனை நடிக்கிறான் என்று சொல்லாதீர்கள். என்னிடம் இப்போது அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். நானே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். யாருக்குச் செய்ய வேண்டுமோ அவனுக்குச் செய்யாமல், யார் யாருக்கோ செய்கிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்று கணேசனிடம் போனில் சொன்னேன். பெயர் போட்டே எழுதுகிறேன், ஊர்க்காரர்கள் வாசிப்பார்கள் என்றேன். "எழுதுனா யாரு படிப்பா? நீ வாயால சொன்னது," என்றான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

ஆனால் போனை எடுப்பான். எனக்கு அது வரும்போதெல்லாம் கூப்பிடுகிறேன், பெரும்பாலும் மத்தியானத்தில். வெளியே ரோட்டில் தார் உருகுகிற வெயில், உள்ளே ஏசி உறுமல், நான் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு போனைக் காதில் அழுத்திக்கொண்டிருப்பேன். அவன் ஹலோகூடச் சொல்ல மாட்டான். எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பான். தகரக் கூரையில் சாரல் விழுகிற சத்தம் வரும். செங்கோட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அங்கே மழைக்காற்று அடிக்க அடிக்க இங்கே எனக்கு மூச்சு சீராகும். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று அப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

போன வாரம் அப்படி ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தபோது, ஃபேன் கொடுக்க வந்த ஒரு பெண்பிள்ளை, "போனு லைன்லயே கெடக்கே, யாரு பேசுதாவ?" என்று கேட்டாள்.

"யாருமில்லம்மா. ராங் நம்பர்," என்றான் கணேசன்.

சொல்லிவிட்டு, வைக்காமல் அப்படியே விட்டிருந்தான்.